இடது முன்சக்கரம்

முழங்காலுக்கு மேலே ஒரு தட்டு என்றால் பின்னால் வரும் வண்டி ஹாரன் அடித்து வழி கேட்கிறது. இரண்டு தட்டு என்றால் பின்சீட்டில் இருப்பவர்கள் ஏதோ சொல்கிறார்கள். விடாமல் அழுத்திப் பிடித்தால் ரயில் கூவுகிறது, அல்லது வேறு ஏதோ ஆபத்து. உடனே நிறுத்த வேண்டும். செங்கல்வராயனும் யசோதாவும் இதையெல்லாம் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு பயத்தில் அவள் கை தானாகச் செய்தது. அப்படியே பழகிவிட்டது.

செங்கல்வராயன் திருப்பதி ரயில் நிலையத்துக்கு வெளியே வாடகைக்கு நிற்கும் ப்ளஷர் கார்களில் ஒன்றை ஓட்டினான். வண்டி, சித்தூரில் வெல்ல மண்டி வைத்திருந்த திருவேங்கடத்துடையது. மலைக்குப் போய் மொட்டை போட்டு இறங்கி வருகிறவர்களைக் காணிப்பாக்கத்துக்கும் திருத்தணிக்கும் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது வேலை. முந்தின வருஷம் மழைக்காலத்தில் வந்த விஷக்காய்ச்சல் அவன் உயிரை விட்டுவிட்டுக் காதுகளை எடுத்துக்கொண்டு போனது. ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் இடது காது. வலது காது கார்த்திகை வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வந்தது. ஒரு நாள் காலையில் அவன் முதுகுக்குப் பின்னால் யசோதாவின் கையிலிருந்து சொம்பு நழுவி விழுந்தது. அவன் திரும்பவில்லை. அவள் அதை எடுத்து மறுபடியும் வேண்டுமென்றே போட்டாள். அப்போதும் அவன் கன்னத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். சொம்பு உருண்டு போய் அவன் காலில் இடித்த பிறகுதான் குனிந்து பார்த்தான்.

இது அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் திருவேங்கடம் அன்றைக்கே சாவியை வாங்கிக்கொள்வார். அது நியாயம்தான் என்று யசோதாவுக்குத் தெரியும். ஆனால் ஸ்டியரிங் பிடிக்காத செங்கல்வராயனை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. காய்ச்சலில் கிடந்த நாட்களில் அவன் கால், பாயின் ஓரத்தில் இல்லாத கிளட்ச்சை மிதித்துக்கொண்டே இருந்தது.

நேருக்கு நேர் நின்று பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்து அவன் சமாளித்துக்கொண்டான். தமிழானாலும் தெலுங்கானாலும் வாடகை பேசுகிற பேச்சு ஒன்றுதான். ஓட்டும்போதுதான் ஆள் வேண்டும். யாத்திரை வரும் பெண்களுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று பெண்டாட்டியைக் கூட்டிப்போகிறேன் என்று ஸ்டாண்டில் சொல்லிவைத்தான். உண்மையாகவே பெண்களுக்கு அது பிடித்திருந்தது. கைக்குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குள் போவார்கள். ஸ்டாண்டில் இருந்த கன்னையா மட்டும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பான்.

"எல்லாரும் பொண்டாட்டிய வூட்ல வுட்டுட்டு வண்டி ஓட்டறான். இவன் வண்டிலயே வூட்டக் கட்டிகினாம்பா."

மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள். செங்கல்வராயனும் சிரிப்பான். ஆனால் அவர்கள் சிரிக்க ஆரம்பித்துக் கொஞ்சம் கழித்துத்தான் சிரிப்பான். அந்தக் கொஞ்ச நேரத்தை யாராவது கவனித்துவிடுவார்களோ என்று அவள் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள்.

வண்டிக்கென்று மட்டும் ஒரு தட்டு இல்லை. ஒருமுறை அவள் கேட்டாள், வண்டியில் ஏதாவது சத்தம் வந்தால் எப்படிச் சொல்வது என்று. அவன் முகம் மாறிவிட்டது.

"எம் வண்டிக்கு இன்னா ஆனாலும் எனக்குத் தெரியும். கைலயே தெரியும், சீட்ல தெரியும். அதுக்கு நீ தட்டத் தேவல."

அவள் தலையாட்டினாள். எல்லாம் போன ஒருவனிடம் மிச்சம் இருப்பதாக அவன் நம்புகிற ஒன்றை ஏன் தொடவேண்டும் என்று அப்போது நினைத்தாள்.

சத்தம் தைக் கிருத்திகையன்று ஆரம்பித்தது. திருத்தணியில் கூட்டத்தை இறக்கிவிட்டு, மாலையில் வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார்கள். நகரியைத் தாண்டியதும் அவள் கால் வைத்திருந்த பக்கத்துத் தரைக்குக் கீழேயிருந்து ஒரு ரீங்காரம் வந்தது. வண்டு ஒன்று டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டதைப் போல இருந்தது. புத்தூரில் நின்றபோது இல்லை. கிளம்பியதும் மறுபடி வந்தது. வடமாலபேட்டை தாண்டி ரோடு நன்றாக இருந்த இடத்தில் வண்டி வேகம் எடுத்தபோது அதுவும் வேகம் எடுத்தது. அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வழக்கம்போல நாக்கை ஒரு கடைவாயில் அதக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்திருந்தான். அவனுக்குத் தெரிந்திருக்கும், அதனால்தான் இப்படி நிதானமாக இருக்கிறான் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். அந்த முடிவுக்கு அவள் எவ்வளவு சுலபமாக வந்து சேர்ந்தாள் என்பது பிற்பாடு அவளை வதைத்தது.

அன்றைக்குப் பின்சீட்டில் இருந்தவர்கள் எல்லையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். ஏப்ரல் பிறந்தால் திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போகிறது. அதற்குப் பதிலாக சத்யவேடு இந்தப் பக்கம் வருகிறது. இனிமேல் முருகனைப் பார்க்க வெளி ராஜ்யத்துக்கா போகவேண்டும் என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், முருகனைக் கேட்டா கோடு போட்டார்கள் என்றார். யசோதா பிறந்த ஊர் அந்தக் கோட்டுக்கு அப்பால் போகிறது. செங்கல்வராயனின் புத்தூர் இப்பால் நிற்கிறது. அதைப் பற்றி அவளுக்குத் துக்கமோ சந்தோஷமோ இல்லை. அவளுடைய பயம் வேறு. ஏப்ரலுக்குப் பிறகு திருத்தணி போக வண்டிக்குப் புதுப் பர்மிட் வாங்க வேண்டியிருக்கும் என்றும், சித்தூர் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியோடு டிரைவரையும் கூப்பிட்டு ஓட்டச் சொல்லிப் பார்ப்பார் போலிருக்கிறது என்றும் திருவேங்கடம் சொல்லி அனுப்பியிருந்தார். இன்ஸ்பெக்டர் உட்காரப் போவது அவள் உட்காரும் இடத்தில். அன்றைக்கு முழங்காலுக்கு மேல் தட்ட யாரும் இருக்க மாட்டார்கள்.

அதுவரைக்கும் இருக்கிற நாட்களை அவள் உள்ளூர எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த எண்ணிக்கையில் பயம் மட்டும் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் வருவான், சாப்பிடுவான், தூங்குவான், விடிவதற்குள் கிளம்புவான். குழந்தை நிற்கவில்லை. அவனுக்கு ரோடு இருந்தது. அவளுக்கு அவன் வந்து போகும் வாசல் இருந்தது. இந்த இரண்டு மூன்று மாதமாகத்தான் அவன் பகல் எப்படி இருக்கும் என்பதை அவள் பார்க்கிறாள். மாட்டுவண்டியைத் தாண்டுவதற்கு முன் அவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வான். ஆள் இல்லாத ரோட்டில் ஏதோ ஒரு பாட்டை முனகுவான். இப்போது அந்தப் பாட்டில் ராகம் போய்விட்டது, வெறும் இரைச்சலாக வருகிறது. அவள் அதை அவனிடம் சொன்னதில்லை. அவள் கை அவன் தொடையில் பட்டதும் அவன் உடம்பு முழுவதும் அவளுக்குப் பதில் சொல்கிறது. அவள் சொல்லுக்கு யாரும் இவ்வளவு உடனே பதில் சொன்னதில்லை.

வண்டியில் சத்தம் இருக்கிறது என்று சொன்னால் அவன் இடிந்துபோவான் என்பதற்காகத்தான் சொல்லவில்லை. அவள் தனக்குத் தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

மாசி கடைசியில் நாயுடுபேட்டையிலிருந்து வரலட்சுமி என்ற பெண்ணும் அவள் புருஷனும் மூன்று குழந்தைகளோடு வந்திருந்தார்கள். மலையில் மொட்டையடித்து, தலையெல்லாம் சந்தனமாக, காணிப்பாக்கம் போகவேண்டும் என்று வண்டி பேசினார்கள். சந்திரகிரி தாண்டும்போதே ரீங்காரம் வேறு மாதிரி மாறியிருந்தது. இப்போது அது வண்டின் சத்தம் இல்லை. அம்மியில் கொட்டிய எதிலோ கல் கிடந்து அரைபடுகிற சத்தம். வரலட்சுமி இரண்டு முறை முன்னால் குனிந்து பார்த்தாள். பிறகு கேட்டேவிட்டாள்.

"டிரைவரு, வண்டி இன்னாத்துக்கு இப்டி முனகுது?"

யசோதாவின் கை இரண்டு முறை தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. அவளே திரும்பி, பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். செங்கல்வராயன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காணிப்பாக்கத்தில் குளத்தங்கரை ஓரமாக வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு அவன் தேநீர் குடிக்கப் போனான். வரலட்சுமி குழந்தைகளின் கால் கழுவிக்கொண்டே யசோதாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"எங்க சித்தப்பா லாரிலயும் இப்டித்தாம்மா கத்திச்சு. ஒன்னும் இல்லன்னுதான் சொன்னாரு. கூடூர்கிட்ட சக்கரம் மட்டும் தனியா ஓடிப் போச்சு."

"அவரு?"

வரலட்சுமி கடைசிக் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குள் போனாள்.

காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் குளத்தில் முழுகிவிட்டு வந்து பொய் சொன்னவன் தப்ப மாட்டான் என்பார்கள். வழக்குள்ளவர்கள் எங்கெங்கிருந்தோ அங்கே சத்தியம் செய்ய வருவார்கள். யசோதா உள்ளே போகவில்லை. வண்டியின் இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, சக்கரத்தின் நடுவில் இருந்த மூடிமேல் கையை வைத்தாள். உடனே இழுத்துக்கொண்டாள். தோசைக்கல்லைத் தொட்டது போலிருந்தது. கிரீஸ் கருகிய வாடை வந்தது. எழுந்து சுற்றிப் போய் வலது சக்கரத்தைத் தொட்டாள். அது வெயிலில் ஓடிவந்த வண்டியின் இளஞ்சூட்டோடு மட்டும் இருந்தது.

திரும்பும்போது பின்சீட்டில் மூன்று மொட்டைத் தலைகளும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கின. அவள் செங்கல்வராயனின் பக்கம் திரும்பி, ஒரு குழந்தைக்குக் குமட்டுகிறது, மெதுவாகப் போ என்று உதட்டை அசைத்துச் சொன்னாள். அவன் வேகத்தைக் குறைத்தான். சத்தமும் குறைந்தது. வழி நெடுக அவள் அந்தத் தலைகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பூதலப்பட்டு தாண்டும் வரைக்கும் புருஷனைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்திருந்தாள். அதற்குப் பிறகு அந்த நினைப்பு அவளோடு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மேற்கு வெயில் தன் முகத்தில் விழும்படி நின்றுகொண்டாள். அவன் உதட்டைப் பார்க்க வேண்டுமென்றால் வெளிச்சம் வேண்டும்.

"மாமா, வண்டில சத்தம் வருது."

"எந்த வண்டில?"

அவள் வெளியே நின்ற வண்டியைக் கை காட்டினாள். அவனுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு, அவள் பயந்தது போல இல்லாமல், அவன் முகத்தில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. கட்டிலில் உட்கார்ந்து, முன்னால் குனிந்து, ஒவ்வொன்றாகக் கேட்டான். வேகம் கூடினால் கூடுகிறதா? கூடுகிறது. நின்ற இடத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால்? இல்லை. கிளட்ச்சை மிதித்து வண்டியைச் சும்மா ஓடவிட்டால் சத்தம் நிற்கிறதா? நிற்கவில்லை, மேட்டிலிருந்து இறங்கும்போது அப்படியேதான் இருக்கிறது. பிரேக் பிடித்தால்? கொஞ்சம் மாறுகிறது, ஆனால் போகவில்லை. அப்படியானால் இன்ஜினும் இல்லை, கியர்பாக்ஸும் இல்லை, சக்கரம்தான் என்றான். நல்ல ரோட்டில் தெரிகிறதா, கெட்ட ரோட்டிலா? நல்ல ரோட்டில்தான் தனியாகத் தெரிகிறது. காலையில் கிளம்பும்போதா, சூடான பிறகா? முதலில் சூடான பிறகுதான் வந்தது, இப்போது காலையிலேயே வருகிறது.

இந்த இடத்தில் அவன் கேள்விகள் மெதுவாகின. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் கேட்டவள் இவ்வளவு சொல்ல முடியாது. அவன் அதைச் சொல்லவில்லை. காலையில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்க் கைகால் கழுவினான்.

காலையில் ரேணிகுண்டா போகும் தார் ரோட்டுக்கு ஓட்டிப்போனான். ஆள் நடமாட்டம் இல்லை. அவள் கையை எடுத்துத் தன் தொடைமேல் வைத்து, தட்ட வேண்டாம், சத்தம் எவ்வளவோ அவ்வளவு அழுத்து என்றான். வண்டி வேகம் எடுத்தது. நேராகப் போகும்போது அவள் கை மிதமாக அழுத்தியிருந்தது. அவன் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தான். சத்தம் அடங்கியது, அவள் கை தளர்ந்தது. வலது பக்கம் ஒடித்தான். காலுக்குக் கீழே அது சீறிக்கொண்டு எழுந்தது. அவள் விரல்கள் அவன் தொடையில் பதிந்தன. மறுபடியும் இடது, மறுபடியும் வலது. அந்த அகலமான ரோட்டில் வண்டி பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போனது. அவன் கண் ரோட்டிலும், மனசெல்லாம் அவள் உள்ளங்கைக்குக் கீழேயும் இருந்தது. கொடுமையான அந்த நேரத்தில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் அதைக் கண்டுகொண்டாள். கண்டதும் வெட்கினாள். அப்படியும் அது போகவில்லை.

வலது பக்கம் திரும்பும்போது கத்துவதால் வலது சக்கரம்தானே என்று அவள் கேட்டாள். அவன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, இல்லை என்றான். வலது பக்கம் ஒடித்தால் வண்டியின் பாரம் எல்லாம் இடது பக்கம் சாயும். பாரம் தாங்க முடியாமல் கத்துகிறது எதுவோ அதுதான் கெட்டது.

வீட்டுக்குப் பின்னால் ஜாக்கி போட்டு இடது முன்சக்கரத்தைத் தூக்கினான். டயரின் மேல்பக்கம் ஒரு கை, கீழ்ப்பக்கம் ஒரு கை வைத்து உள்ளே வெளியே ஆட்டினான். சக்கரம் லொடலொடவென்று ஆடியது. வலது பக்கத்தையும் தூக்கி அப்படியே ஆட்டினான். அது அசையவில்லை. பிறகு இடது சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, நீளமான திருப்புளியின் முனையைச் சக்கரத்துக்குப் பின்னால் அச்சில் ஊன்றி, அதன் மரக் கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வைத்து அழுத்திக்கொண்டான். முன்பெல்லாம் உள்ளே வரும் சத்தத்தை அப்படித்தான் கண்டுபிடிப்பான். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தான். சக்கரம் சுற்றி நின்றது. மறுபடி சுழற்றினான். இந்த முறை கைப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டான். யசோதா அவன் தாடையைப் பார்த்தாள். அது இறுகி இறுகி நடுங்கியது. சக்கரம் மறுபடி நின்றது. அவன் திருப்புளியை எடுத்து, கைப்பிடியில் பட்டிருந்த எச்சிலை வேட்டியில் துடைத்து, அவளிடம் நீட்டினான்.

அவன் சக்கரத்தைச் சுழற்ற, அவள் வைத்துக் கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. உள்ளே ஒன்று உடைந்து அதன்மேல் இன்னொன்று ஏறி இறங்கியது, அவள் மண்டைக்குள்ளேயே நடப்பது போல. அவள் தலையாட்டினாள்.

சக்கரத்தைக் கழற்றி, அதைத் தாங்கும் ஹப்பைத் திறந்தான். வழக்கமாகத் தேன் நிறத்தில் இருக்க வேண்டிய கிரீஸ் கரியாகக் கிடந்தது. பேரிங்கை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் கழுவினான். குண்டுகள் வழவழப்பாக இல்லை. அம்மைத் தழும்பு போல எல்லாவற்றிலும் குழி. இரண்டு குண்டுகள் பிளந்திருந்தன. அவை ஓடும் வளையம் சூட்டில் நீலமாகியிருந்தது. அவன் ஒவ்வொரு குண்டாக உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டு, தலை நிமிராமல் கேட்டான்.

"எப்பத்துலேருந்து?"

தலையை நிமிர்த்தினால்தான் பதில் அவனுக்குத் தெரியும். அவன் நிமிரும்வரை அவள் காத்திருந்தாள். நேற்றிலிருந்து என்று சொல்லலாம். அவன் நம்ப மாட்டான், ஆனால் நம்பியது போல இருந்துவிடுவான். அதன் பிறகு இரண்டு பேரும் அந்தப் பொய்யோடு சோறு சாப்பிடலாம்.

"தைக் கிருத்திகைக்குத் திருத்தணி போனோமே. அன்னிலேருந்து."

"அன்னிலேருந்து நீ கேட்டுகினு இருந்தியா."

"ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன் மாமா. நீதானே சொன்ன, தட்டத் தேவலன்னு."

அவன் குண்டுகளைத் தட்டில் போட்டான். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்று அவள் நினைத்தாள். காய்ச்சலுக்கு முன்னால் கோபப்படுவான், கத்துவான், பிறகு ஆறிவிடும். இப்போது அவன் வண்டியின் திறந்த ஹப்பைப் பார்த்துக்கொண்டே பேசினான். குரல் எவ்வளவு வெளியே வருகிறது என்று அவனுக்குத் தெரியாததால் மிக மெல்லியதாக, கிட்டத்தட்ட மூச்சாக வந்தது.

"ஒரு மாசமா கத்திகினு இருந்துக்கீது. நான் அது மேலயே குந்திகினு பாட்டுப் பாடிகினு போயிருக்கேன்."

அவள் அவன் தோளைத் தொட்டாள். தொட்டதும் எப்போதும் போல அவன் உடம்பு திரும்பவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

கடைக்குப் போய்ப் புதுப் பேரிங் வாங்கி வந்தான். கிரீஸை உள்ளங்கையில் வைத்து, குண்டுகளுக்கு நடுவே அழுத்தி அழுத்தி ஏற்றினான். நட்டை இறுக்கி, பிறகு ஒரு மயிரிழை தளர்த்தி, சக்கரத்தைச் சுழற்றி, அது தானாக நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் அவ்வளவு பதவிசாகச் செய்தான். வண்டியைக் கழுவித் துடைத்தான். கண்ணாடியில் மாட்டியிருந்த காய்ந்த மாலையை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுமாலை போட்டான். அதைப் பார்த்தபோது மறுநாள் ஓட்டப் போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். நெஞ்சில் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. அந்த நிம்மதியை அவள் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் கிளம்பச் சொன்னான். சித்தூருக்கு என்றான். அவள் முன்கதவைத் திறந்தாள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"பின்னால குந்து."

பின்சீட்டில் அவள் இதுவரை உட்கார்ந்ததில்லை. அங்கிருந்து அவன் பிடரியும் காதுகளும் தெரிந்தன. நல்ல காதுகள், அகலமாக, நுனியில் சிவந்து. வண்டியில் சத்தம் இல்லை. தார் ரோட்டில் டயர் ஓடும் ஓசை மட்டும்தான். பாகாலாவுக்கு ரோடு பிரியும் இடத்தில் பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. அவள் கை நீண்டு, சீட்டின் முதுகில் பட்டு நின்றது. அதற்குள் அவன் கண்ணாடியில் பார்த்து ஓரமாகப் போனான். அடிக்கடி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியைப் பாதி நிறுத்தி, சின்னப் பையன் ஆற்றில் இறங்குவதைப் போல ஓட்டினான். அவள் இல்லாவிட்டால் அவன் எப்படி ஓட்டுவான் என்பதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். கண்ணாடியில் அவன் கண் அவளைப் பார்க்கவில்லை, அவளைத் தாண்டி ரோட்டைப் பார்த்தது. அவன் எதையும் பாடவுமில்லை.

மண்டியில் வெல்லம் இறங்கிக்கொண்டிருந்தது. ஈக்கள் அப்பிய கோணிகளுக்கு நடுவில் திருவேங்கடம் உட்கார்ந்திருந்தார். அவனைப் பார்த்ததும் ட்ரிப் இல்லையா என்று விசாரித்தார். செங்கல்வராயன் சாவியை அவருக்கு முன்னால் இருந்த பலகையில் வைத்தான்.

"மொதலாளி, எனக்குக் காது போச்சு."

அது மண்டி முழுவதும் கேட்டது. மூட்டை தூக்கியவர்கள் மூட்டையோடு திரும்பிப் பார்த்தார்கள். தான் எவ்வளவு சத்தமாகச் சொல்லிவிட்டோம் என்பது அந்த முகங்களைப் பார்த்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. அதன் பிறகு குரலைத் தணித்து, இடது முன்சக்கரத்துக்குப் பேரிங் மாற்றியிருப்பதாகவும், வலது பக்கம் நன்றாக இருப்பதாகவும், கிரீஸ் மட்டும் ஆடிக்குள் மாற்றச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னான். வண்டியைப் பற்றிச் சொல்லும்போது குரல் சரியாக இருந்தது.

திருவேங்கடம் கெட்டவர் இல்லை. எப்போதிலிருந்து, டாக்டரிடம் காட்டியாயிற்றா என்று கேட்டார். அவன் அவர் வாயைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னான். கார்த்திகையிலிருந்து என்று அவன் சொன்னதும் அவர் முகம் கறுத்தது. மெல்ல யசோதாவின் பக்கம் திரும்பினார்.

"நீ தெனமும் கூடவே போய்க்கினு இருந்தியேம்மா. கொழந்த குட்டிங்க ஏர்ற வண்டி. தெரிஞ்சிகினேவா ஒக்காந்திருந்த?"

அவள் வாயைத் திறந்தாள். மூன்று சந்தனத் தலைகளைப் பற்றியும், தொட்ட விரலைச் சுட்ட அந்த மூடியைப் பற்றியும் சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தாள். அவர் திட்டட்டும். யாராவது அவளைத் திட்ட வேண்டும்.

"அவளுக்குத் தெரியாது" என்றான் செங்கல்வராயன்.

அவன் திருவேங்கடத்தின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமலே நின்றிருந்திருக்கிறான்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது மொதலாளி. வூட்ல சும்மா கெடக்கறாளேன்னு இட்டுகினு போய்க்கினு இருந்தேன். வேடிக்கை பாத்துகினு வருவா."

அவர் அதை நம்பினார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. நம்புவதற்குக் கஷ்டமான விஷயமே இல்லை. வண்டியில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வரும் பெண்டாட்டிகளை யாருக்குத்தான் தெரியாது? யசோதா நின்ற இடத்தில் நின்றாள். அவளைப் பழியிலிருந்து தூக்கி வெளியே வைக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாரத்தையும் சேர்த்து அவன் தன் மேல் போட்டுக்கொண்டான். அதே சொல்லால் கார்த்திகையிலிருந்து நேற்று வரைக்குமான நாட்களும் இல்லாமல் போயின. நகரி ரோடும், ரயில்வே கேட்டில் அவள் அழுத்திய அழுத்தமும், ரேணிகுண்டா ரோட்டில் அவள் விரல் அவன் தொடையில் பதிந்ததும் நடக்கவில்லை. இனி அவற்றை யாரிடமும் சொல்ல முடியாது, அவனிடம் கூட. அவன் அன்பினால் செய்தானா, அவளை வெட்டிப் போட்டானா என்று அவள் அவன் முகத்தில் தேடினாள். இரண்டும் இல்லாத, களைத்துப்போன ஒரு முகம் அங்கே இருந்தது.

"மெய்தானாம்மா?" என்றார் திருவேங்கடம்.

செங்கல்வராயன் இப்போது அவளைப் பார்த்தான்.

"தெரியாதுங்க" என்றாள்.

அவள் உதடு அதைச் சொல்லி முடிக்கும்வரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, வண்டியில் இருக்கும் தன் சாமான்களை எடுத்துக்கொள்ளலாமா என்று முதலாளியைக் கேட்டான்.